நேர்த்தி இல்லாமல் ஏறிய மலை

ஏப்ரல் 29, திங்கள்

முழங்காலுக்குப் பயிற்சி தருகிற பெண் என்னை ஒரு கொப்பி வாங்கச் சொன்னாள். எந்த நாள் எவ்வளவு தூரம் நடந்தேன், எங்கே நொந்தது என்று எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். வாயால் சொன்னால் நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்கிறேனாம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இந்தக் கொப்பியில் என் இஷ்டத்துக்கு எழுதலாம்.

பெயர் திலகேஸ்வரி. வயது ஐம்பத்தாறு. இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபத்துநான்கு வருடம். இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை. வலது முழங்கால் மட்டும் எழுபது வயதுக்காரியுடையது. இன்று காலை கடற்கரைப் புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். கூட வந்தவர் குணசீலண்ணை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஒரு பெரிய வீட்டில் தோட்டக்காரர், மனைவி இறந்து ஆறு வருடம். பெப்ரவரியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறார். பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்தால் தூரம் தெரியாது, அவ்வளவுதான்.

மே 3, வெள்ளி

இரண்டரை கிலோமீட்டர். நோவு இல்லை.

வீதியைக் கடக்க நின்றபோது குணசீலண்ணை, "திலகேஸ், ஒரு விசயம் கேப்பன், கோவிக்கக்கூடாது" என்றார்.

"கேக்காமலே கோவிப்பன். கேளுங்கோ."

"நாங்கள் ரண்டு பேரும் கலியாணம் செய்தா என்ன?"

பச்சை விளக்கு விழுந்தது. நான் கடந்து போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் அந்தப் பக்கமே நிற்கிறார். அடுத்த பச்சைக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கனடாவில் இருக்கிற மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறானாம். ஜூன் முதலாம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். நான் சரி என்றால் இங்கேயே இருப்பார். இல்லையென்றால் போய்விடுவார்.

"அவசரப்படுத்தேல்லை. இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மரெத்திமோவுக்குப் போவம். சின்னத் தீவு. காரும் இல்லை, எங்கட சனமும் இல்லை. மலைப்பாதையில நடந்துபோட்டு அண்டைக்கே திரும்பலாம். அங்க வைச்சுச் சொல்லுங்கோ."

போவதென்றால் போகட்டும். நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

மே 4, சனி

மூன்று கிலோமீட்டர். வேறு ஒன்றும் இல்லை.

மே 5, ஞாயிறு

கனடாவில் வருடத்துக்கு ஐந்து மாதம் பனியாம். தோட்ட வேலை செய்கிற மனிதர் அங்கே போய் எதைக் கிண்டுவார்?

மே 9, வியாழன்

மூன்று கிலோமீட்டர். இறங்குகிற இடத்தில் கொஞ்சம் நொந்தது.

பதினொரு வருடமாக அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டு வந்தேன். எங்கள் ஆட்களுக்குள் முறை வைக்காமல் யாரையும் கூப்பிட முடியாது. அண்ணை, அக்கா, மாமி, சித்தப்பா, ஏதாவது ஒன்று போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த அண்ணை வாயில் வரமாட்டேன் என்கிறது. கலியாணம் கேட்ட மனிதரை எப்படி அண்ணை என்பது? பெயரைச் சொல்லவும் முடியாது, வயதில் மூத்தவர். ஒரு கிழமையாக "அது வந்து", "பாருங்கோ" என்று சமாளிக்கிறேன். இன்று ஒரு சைக்கிள்காரன் அவரை இடிக்க வந்தபோது "ஏய்!" என்று கத்தினேன். சைக்கிள்காரனைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கவேண்டியிருந்தது.

மே 14, செவ்வாய்

மலை ஏறுகிற சப்பாத்து வாங்கினேன். கடைக்காரப் பெண் நாவல் நிறம்தான் எனக்கு எடுப்பு என்றாள். ஐம்பத்தாறு வயதில் நாவல் நிறச் சப்பாத்து. வாங்கிவிட்டேன்.

பொலோஞாவில் வேலை செய்கிற மகள் சாம்பவி பின்னேரம் போன் எடுத்தாள். ஆரோடு தீவுக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். வேலைக்கு வருகிற ஒரு ரோமானியப் பெண்ணோடு என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்றாள். எலேனா என்றேன். பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாதுதான். ஆனால் அவளுடைய அப்பா இறந்து பன்னிரண்டு வருடமாக அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான். அதற்குள் இன்னொருவரைக் கொண்டுவந்து இருத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எலேனாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

மே 19, ஞாயிறு

ஒத்திகைக்காக இரண்டு பேரும் பெல்லக்ரீனோ மலை ஏறினோம். பலெர்மோத் தமிழர் எல்லோருக்கும் அந்த மலை தெரியும். உச்சிக்குக் கிட்டக் குகைக்குள் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியா இருக்கிறா. சைவம், கிறிஸ்தவம் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் அவவுக்கு நேர்த்திக்கடன் வைத்து வெறுங்காலோடு ஏறுவோம். விசா கிடைத்தால் ஏறுவோம், பிள்ளை சோதனையில் பாஸ் பண்ணினால் ஏறுவோம்.

இன்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஏறினதுதான் பிழை. எதிரே இறங்கி வந்த நாலு பேரும் நின்று விசாரித்தார்கள். "என்ன நேர்த்தி அக்கா? காலில வருத்தமோ, சப்பாத்தோட ஏறுறியள்?"

"நேர்த்தி இல்லை. சும்மா நடக்கிறம்."

சும்மா ஒருத்தி மலை ஏறுவாள் என்று அவர்கள் நம்பவில்லை. மகளுக்கு ஏதோ சம்பந்தம் பேசுகிறேன் என்று முடிவுகட்டிக்கொண்டு, கட்டாயம் பலிக்கும் என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். அவர் பத்தடி பின்னால் குனிந்து ஏதோ செடியைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

ஏழு கிலோமீட்டர். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

மே 25, சனி

ஆட்டிறைச்சி றோல்ஸ் இருபது. இரண்டு பேருக்கு இருபது எதற்கு என்று கேட்க ஆள் இல்லாதது நல்லது. மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் அவர் கொண்டுவருவார்.

நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இப்படி எழுதிவிட்டு மூன்றாவது முறையாகச் சேலையா சுடிதாரா என்று யோசிக்கிறேன். சுடிதார்.

மே 26, ஞாயிறு. படகில்

பலெர்மோவில் ஒரு தமிழர் கண்ணிலும் படாமல் விடிய முதல் பஸ்ஸில் ஏறித் திராப்பனிக்கு வந்தோம். துறைமுகத்தில் இறங்கினால், மரெத்திமோப் படகுக்கு முன்னால் நாற்பது தமிழர் நிற்கிறார்கள்! சேலைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து. ஆண்களின் கையில் புளிச்சாதச் சட்டிகள். நடுவில் தமிழ்ச் சங்கத் தலைவி பரமேசக்கா, கழுத்தில் விசில்.

மரெத்திமோ மலையில் ஒரு பழைய சின்னக் கோயில் இருக்கிறதாம். அதை யாரோ வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். கோயில் என்று கேள்விப்பட்ட பிறகு எங்கள் சனம் வீட்டில் இருக்குமா? தனி பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

"திலகேஸ்! நீரும் வாறீரோ? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்ற பரமேசக்காவின் கண் அவரிடம் போனது. "அட, குணசீலனும்! ரண்டு பேரும் ஒண்டாவோ வந்தனீங்கள்?"

"இல்லை இல்லை. பஸ்ஸில தற்செயலாக் கண்டனாங்கள்" என்றேன். அவர் தன் நீலத் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டார்.

படகில் பரமேசக்கா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. சந்தேகம் தீரட்டும் என்று நான் றோல்ஸ் பெட்டியைத் திறந்து, நாலு பேருக்குக் கேட்கச் சொன்னேன். "குணசீலண்ணை, நீங்களும் ஒண்டு எடுங்கோ."

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிற அண்ணை. அவர் ஒன்று எடுத்தார். நன்றி சொன்னார். சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதுகிற சாட்டில் குனிந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே 27, திங்கள்

காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். நேற்றையதை ஒன்றும் விடாமல் எழுதவேண்டும்.

மரெத்திமோ அழகு என்று முதலில் எழுதிவிடுகிறேன். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரே ஒரு ஊர், அதன் முதுகில் பெரிய மலை. ஊர் முடிகிற இடத்தில் பாதை தொடங்குகிறது. வழி முழுக்கக் காட்டு ரோஸ்மேரி, காலில் பட்டால் வாசம் கிளம்புகிறது. கடல் பச்சையா நீலமா என்று எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வழி முழுக்க வாதாடினார்கள். நாற்பது பேரும் மூச்சு வாங்க, வழுக்குகிற இடத்தில் முருகா, மாதாவே என்று இரண்டு பக்கமும் உதவி கேட்டுக்கொண்டு ஏறினோம். என் முழங்கால் ஆடு மாதிரி ஏறியது. எனக்கே ஆச்சரியம்.

ஏறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் நேர்த்தி விசாரித்தார்கள். ஒருத்திக்கு வீடு வாங்கவேணும், ஒருத்தருக்கு மருமகள் திரும்பி வரவேணும்.

"நீர் என்னத்துக்கு ஏறுறீர், திலகேஸ்?" என்று பரமேசக்கா கேட்டா.

"முழங்காலுக்கு" என்றேன். முன்னால் போன அவருடைய முதுகு அதைக் கேட்டது. அதன் பிறகு அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

கோயில் நல்ல சின்னது. உள்ளே பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் வெளியே. வாசலில் நாற்பது சோடிச் சப்பாத்தைக் கழற்றி வைத்தோம். பரமேசக்கா கற்பூரம் கொளுத்தப் போனா. கூட வந்த இத்தாலிய வழிகாட்டி, காய்ந்த புல் பற்றிவிடும் என்று ஓடிவந்து நெருப்புப்பெட்டியைப் பறித்தான். கற்பூரம் இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே என்று தேவாரம் ஒன்றும் மாதா பாட்டு ஒன்றும் பாடினோம். பின்னால் வந்த ஜெர்மன்காரர் நாலு பேர் எங்கள் சப்பாத்து வரிசையைப் பார்த்துவிட்டு, தாங்களும் தங்கள் பெரிய பூட்ஸைக் கழற்றி வரிசையில் வைத்துக் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கும் புளிச்சாதம் கொடுத்தோம். ஒருவர் மூன்று தரம் வாங்கினார். என் றோல்ஸ் இருபதும் பத்து நிமிடத்தில் போயின. இப்படி வயிறு நோகச் சிரித்து எத்தனை வருடம்! சிரித்து முடித்துப் பார்த்தால், அவரைக் காணவில்லை.

முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? நாலு செடியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பார் என்று இருந்தேன். இறங்கத் தொடங்கிப் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பரமேசக்கா விசில் ஊதித் தலை எண்ணினா. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நாற்பத்திரண்டு இருக்கவேண்டும். நாற்பத்தொன்றுதான் இருந்தது.

"குணசீலன் எங்க?"

ஆளை முதலில் கண்டது நான்தான். தீவின் பழைய கோட்டைப் பக்கம் போகிற மற்றப் பாதையில், எதிர்ச் சரிவில், ஒரு நீலத் தொப்பி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படகுக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. அந்தக் கோட்டைக்குப் போய்த் திரும்பினால் படகு கிடைக்காது. போனுக்கு அங்கே சிக்னல் இல்லை.

ஆண்கள் சேர்ந்து "குணசீலன்! குணசீலன்!" என்று கத்தினார்கள். காற்று எதிர்க்காற்று. தொப்பி நடந்துகொண்டே இருந்தது.

பரமேசக்கா என் முதுகைத் தட்டினா. "திலகேஸ், உம்மட குரல்தான் பெரிசு. நீர் கூப்பிடும்."

நான் பாறையில் ஏறி நின்றேன். வாயைத் திறந்தேன். அண்ணை என்று இன்னொரு தரம் சொல்ல என்னால் முடியவில்லை. காலையில் ஒரு தரம் சொன்னதற்கே அந்த மனிதர் மலைக்கு மறுபக்கம் போய்விட்டார். வெறும் பெயரும் வரவில்லை. தொப்பி ஒரு வளைவுக்குக் கிட்டப் போய்விட்டது. அதைத் தாண்டினால் கண்ணுக்கு மறைந்துவிடும். படகு தவறுவது இருக்கட்டும், எனக்கு அப்போது கனடாதான் நினைவுக்கு வந்தது. இந்த மனிதர் இப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு பனிக்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்து கத்தியது.

"இஞ்சாருங்கோஓஓ!"

எங்கள் ஊரில் பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல் அது. வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டு வருடமாக என் வாயில் வராத சொல். மலை அதை வாங்கி மூன்று தரம் திருப்பிச் சொன்னது.

எங்கள் கூட்டத்தில் புருஷன்மார் ஒன்பது பேர். ஒன்பது பேரும் "என்ன?" என்று திரும்பினார்கள். எதிர்ச் சரிவில் நீலத் தொப்பி நின்றது. பிறகு அதுவும் திரும்பியது.

பரமேசக்காவின் வாயிலிருந்து விசில் விழுந்துவிட்டது.

"ஆரையப்பா கூப்பிட்டனீர்?"

"கூப்பிட்ட ஆளுக்கு விளங்கியிருக்கு" என்றேன். காது இரண்டும் கொதித்தன. ஆனால் கீழே இறங்கவில்லை, பாறையிலேயே நின்றேன். "தற்செயலாக் கண்டதெண்டு சொன்னது பொய், அக்கா. ஒண்டாத்தான் வந்தனாங்கள். நேர்த்தியும் இல்லை, முழங்காலும் இல்லை. அவரோட வர விருப்பமாயிருந்தது, வந்தன்."

அவர் அறுபது வயது மனிதர் மாதிரி வரவில்லை. கற்களில் தாவித் தாவி, கையில் ஏதோ காட்டுப் பூவோடு, தொப்பி கோணலாக வந்து நின்றார்.

"கூப்பிட்டனீங்களோ?"

"ஓம். படகு போகப்போகுது."

"ஓம்" என்றார். சிரிப்பை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியவில்லை மனிதருக்கு. கூடவே இறங்கி வந்த ஜெர்மன்காரர்கள் என்ன நடந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டார்கள், அவன் எதையோ சொன்னான், அவர்கள் கைதட்டினார்கள்.

படகில் எல்லோருக்கும் சிக்னல் வந்து கால் மணித்தியாலத்துக்குள் சாம்பவியின் போன் வந்தது. நான் வாயைத் திறக்க முதலே தொடங்கினாள்.

"அம்மா, எலேனா சுகமா இருக்கிறாவோ?"

"ஆர் சொன்னது?"

"அஞ்சு பேர் சொல்லிப்போட்டினம். ஒருத்தர் வீடியோவும் அனுப்பினவர். ஊர் முழுக்கத் தெரிஞ்ச பிறகு எனக்குத் தெரியுது. பரமேஸ் மாமி எனக்கு வாழ்த்துச் சொல்லுறா, நான் என்னத்துக்கெண்டு கேக்கிறன்! உங்களுக்கு என்னைப் பாத்தா என்ன மாதிரி இருக்கு?" அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"பயமாயிருந்தது, பிள்ளை" என்றேன். அதற்குமேல் எதையும் சோடிக்கவில்லை. "அப்பாவை மறந்துபோட்டனெண்டு நீ நினைப்பாயெண்டு பயமாயிருந்தது. மறக்கேல்லை. ஆனா இவரோட நடக்கிற ஒரு மணித்தியாலத்துக்காக நான் காலமை அஞ்சு மணிக்கே எழும்பி இருக்கிறன். உனக்கு நான்தான் சொல்லியிருக்கவேணும். இப்ப சொல்லுறன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அந்த மனுசனிட்டப் போனைக் குடுங்கோ" என்றாள்.

கொடுத்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். ஓம், ஓம் பிள்ளை, விளங்குது, கட்டாயம், இவ்வளவுதான் சொன்னார். பத்து நிமிடம். போனைத் திருப்பித் தந்தபோது கண் கலங்கியிருந்தது.

"என்ன சொன்னவ?"

"உங்களுக்குக் கோபம் வந்தா நான் என்ன செய்யவேணுமெண்டு சொன்னவ."

"என்ன செய்யவேணுமாம்?"

"உங்களிட்டச் சொல்லக்கூடாதாம்."

திராப்பனியிலிருந்து எங்களையும் சங்க பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டில் சோடியாக இருத்தினார்கள். கலியாணம் எப்ப, எந்த மண்டபம் என்று பின்னாலிருந்து கேள்வி மேல் கேள்வி. அவர் அப்பாவியாக எழுந்து திரும்பி நின்று, "பொறுங்கோ, திலகேஸ் எனக்கு இன்னும் பதில் சொல்லேல்லை" என்றார்.

அவ்வளவுதான். பஸ் முழுக்க "சொல்லும், சொல்லும்" என்று தாளம் போடத் தொடங்கியது. பரமேசக்கா விசில் ஊதினா. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மலையில் நின்று அப்படிக் கத்தினவளிடம் இன்னும் என்ன பதில்? அதை நாற்பது பேருக்கு முன்னால் விசாரணைக்கு வைப்பதா? முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பஸ் மெல்ல மெல்ல அடங்கியது. அவர் உட்கார்ந்தார்.

சமாதானம் சொல்ல வருவார், அப்போது நல்லாகக் கொடுக்கலாம் என்று வசனங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். மனிதர் வரவே இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, பகிடி விடவில்லை, ஏன் கோபம் என்று கேட்கவில்லை. எழுந்து வேறு சீட்டுக்கும் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். வெளியே திராட்சைத் தோட்டங்கள் வந்து போயின. நான் தயார்செய்த வசனங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின.

அல்கமோ தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"கோபம் ஆறிட்டுதோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் இருக்கட்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதானோ சாம்பவி சொன்னது?"

"அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்காமல் பக்கத்தில இருக்கச் சொன்னவ. எழும்பிப் போனா இன்னும் கூடுமாம். நான் எதுக்கும் நாப்பது நிமிசம் பாத்தனான்."

என் பிள்ளை, என்னோடு இருபத்தேழு வருடம் இருந்து கண்டுபிடித்ததை இந்த மனிதருக்குப் பத்து நிமிடத்தில் கொடுத்திருக்கிறாள். அதற்குமேல் யாரிடம் என்ன உத்தரவு கேட்க வேண்டும்?

"செய்வம்" என்றேன்.

அவர் அசையாமல் இருந்தார். பஸ் இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று காதுக்குக் கிட்டப் போய், "கலியாணம் செய்வம் எண்டு சொன்னனான்" என்றேன்.

முதல் தரமே கேட்டுவிட்டதாம். இன்னொரு தரம் சொல்லக் கேட்கவேண்டும் போல இருந்ததால் பேசாமல் இருந்தாராம்.